பிடி அரிசியும் எட்டாவது இலையும்

இந்த ஊர் மார்கழிக்குக் குளிரத் தெரியாது. விடியலில் எழுந்து வாசல் தெளிக்கப் போனால் வானம் முந்திக்கொண்டு தெளித்துவிட்டுப் போயிருக்கும். கோலம் போட்டால் காப்பியை இறக்குவதற்குள் மழை வந்து அழித்துவிடும். முதல் வருடம் விடாப்பிடியாக முப்பது நாளும் போட்டுப் பார்த்தேன். அரிசி மாவு வீணாகிறதே என்று மனம் கேட்காமல் இரண்டாம் வருடத்தில் கோலத்தைக் கூடத்துக்குள் கொண்டுவந்துவிட்டேன். அந்த நேரத்தில் அடுத்த வீட்டுக் காமாட்சியக்கா தடித்த துண்டைப் போர்த்திக்கொண்டு, இரண்டு கைகளையும் தேய்த்தபடி, "செஜுக், அடெக், செஜுக்" என்பார். குளிருகிறதாம். அடெக் என்றால் தங்கச்சி. எனக்கோ முதுகில் வியர்வை வழிந்துகொண்டிருக்கும். ஆமாம் என்று தலையாட்டுவேன். குளிர் விஷயத்தில் அண்டை வீட்டாரோடு சண்டை போட்டு என்ன ஆகப்போகிறது?

ஊரில் இருக்கும் உங்களுக்குக் காமாட்சியக்காவைப் பற்றிச் சொன்னால் நம்பமாட்டீர்கள். நெற்றியில் திருநீறு, கொண்டையில் மல்லிகை, வீட்டுக் கூடத்தில் முருகன் படம். ஆனால் உடுத்துவது சாரோங்கும் கெபாயாச் சட்டையும். பேசுவது மலாய். தமிழில் அவருக்குத் தெரிந்தது சாமி, பூசை, விளக்கு என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சொற்கள்தாம். நாங்கள் மலாக்கா டவுனுக்கு வந்து காஜா பேராங்கில் இந்தப் பலகை வீட்டை வாடகைக்குப் பிடித்த அன்று, காமாட்சி என்ற பெயரைக் கேட்டதும் எனக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. "நீங்க எந்த ஊர்ப் பக்கம்?" என்று ஓடிப்போய்க் கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு ஒரு கிண்ணத்தில் உப்பைக் கொண்டுவந்து நீட்டினார். புது வீட்டுக்கு வந்தவள் எதையோ கேட்கிறாள், உப்பாகத்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டாராம். அவர்களை இங்கே செட்டிகள் என்பார்கள். வட்டிக்குக் கொடுக்கும் நகரத்தார் அல்லர். பல தலைமுறைக்கு முன் நம் பக்கத்திலிருந்து வியாபாரத்துக்கு வந்து, இங்கேயே பெண்ணெடுத்து, சாமியை வைத்துக்கொண்டு பாஷையை விட்டுவிட்டவர்கள். மூன்று வருடத்தில் நான் கற்றுக்கொண்ட அடுப்படி மலாயை வைத்துத்தான் எங்கள் பேச்சு. அவர் சொல்வதை எனக்குப் புரிந்த மட்டில் தமிழாக்கித் தருகிறேன்.

என் வீட்டுக்காரர் தண்ணீர்க் குழாய் இலாகாவில் கிராணி. கிராணி என்றால் இங்கே குமாஸ்தா. பெண் ஒன்று, பையன் ஒன்று. டிசம்பரில் பள்ளிக்கூடத்துக்கு நீண்ட விடுமுறை. விடுமுறை என்று சொல்வது பள்ளிக்கூடத்துக்குத்தான். அடுப்புக்கு அதுதான் உழைக்கும் காலம். மழையில் வெளியே போக முடியாத பிள்ளைகளுக்கு மணிக்கொருதரம் பசிக்கும். அவர்களைக் குறைந்த சாமானில் வயிறு நிறைய வைத்திருப்பதுதான் எனக்கு மார்கழி நோன்பு. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கையிலிருப்பதை வைத்து ஒரு நாளை ஒப்பேற்றிவிட்டுப் படுக்கும்போது வருகிற தூக்கம் இருக்கிறதே, அது தனி ருசி.

ஆனால் இங்கே சிக்கனம் தலைகீழ். எங்கள் அருப்புக்கோட்டைப் பக்கம் தேங்காய் என்றால் விசேஷம். ஒரு மூடியை இரண்டு நாளுக்கு வைத்து அரைப்போம். பருப்புக்குப் பஞ்சமில்லை. இங்கே தேங்காய் கொல்லையில் தானாக விழுந்து கிடக்கிறது. துவரம்பருப்பைத்தான் தங்கம் மாதிரி பொத்திப் பொத்தி எடுக்க வேண்டியிருக்கிறது. வந்த புதிதில் நான் தேங்காயை ஊர்ப் பழக்கத்தில் கிள்ளிப் போட்டு, பருப்பை அள்ளிப் போட்டு, மாதக் கடைசியில் கையைப் பிசைந்து நின்றேன். காமாட்சியக்காதான் துருவலை மூன்று தடவை பிழியக் கற்றுக்கொடுத்தார். முதல் பால் குழம்புக்கு, இரண்டாவது சோற்றுக்கு, மூன்றாவது கீரைக்கு, சக்கை கோழிக்கு. நான் பதிலுக்கு அரிசி கழுவிய தண்ணீரைப் புளிக்கவைத்துக் குழம்பு கூட்டக் காட்டினேன். வாய்க்கால் ஓரத்துக் கங்கோங் கீரையைக் காசில்லாமல் பறிக்க அவர் கூட்டிப்போனார். பலாக்கொட்டையைச் சுட்டுத் தோலுரித்துப் பிள்ளைகளுக்குக் கொடுக்க நான் சொன்னேன். கோதுமை மாவு வந்த சாக்கைப் பிரித்து வெளுத்து அவர் தலையணை உறை தைத்தார். நான் பையனுக்குக் கால்சட்டை தைத்தேன். மாவு ஆலையின் முத்திரை எவ்வளவு வெளுத்தும் போகாமல் அவன் பின்பக்கத்தில் மங்கலாகத் தெரியும். ஜப்பான்காரன் காலத்தில் மரவள்ளிக் கிழங்கை மட்டும் தின்று பிள்ளைகளைக் காப்பாற்றியவர் அக்கா. அவரிடம் சிக்கனத்தில் தோற்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு. எங்கள் இருவர் வீட்டுக் குப்பைக்கூடைகளும் பட்டினி கிடந்தன.

ஒன்றில் மட்டும் எங்களுக்கு ஒத்துவரவில்லை. அவர் அடுப்பில் பெலாச்சான் சுடும்போது நான் சன்னலைச் சாத்திவிடுவேன். கூனி இறாலைக் கருவாட்டுப் பக்குவத்தில் இடித்துக் கட்டிவைத்தது அது. எங்கள் வீட்டில் மீன், முட்டை எதுவும் புழங்காது. அவர் அதைப் புரிந்துகொண்டு, சுடுவதற்கு முன் "அடெக், சன்னல்" என்று குரல் கொடுப்பார். மற்றபடி அவர் பின்கதவும் என் பின்கதவும் எதிரெதிரே, நான்கு எட்டு தூரத்தில். பகலில் இரண்டும் சாத்தியதே இல்லை. ஒரு நாளில் எத்தனை தடவை போவேன், வருவேன் என்று எனக்கே தெரியாது.

நான் சொல்ல வந்தது மெர்டேக்கா, அதாவது இந்த நாட்டுக்குச் சுதந்திரம், வந்த பிறகு முதலாவதாக வந்த மார்கழியின் கடைசி நாளைப் பற்றி. கொடி மாறி நாலைந்து மாதம் ஆகியிருந்தது. இருக்கப் போகிறீர்களா, ஊருக்குத் திரும்பப் போகிறீர்களா என்பதே அந்த வருடம் நம்மவர்கள் ஒருவரையொருவர் கேட்டுக்கொண்ட கேள்வி. அந்த ஆடியில்தான் என் அம்மா ஊரில் போய்ச் சேர்ந்தாள். அண்ணனின் கடிதம் கப்பலேறி என் கைக்கு வந்தபோது பதினாறாம் நாள் காரியமும் முடிந்து வாரமாகியிருந்தது. எல்லாரும் அழுது முடித்த பிறகு நான் மட்டும் குழாயடியில் ஒரு முழுக்குப் போட்டுவிட்டு வந்து, அன்றைக்குச் சாயங்காலத்துக்குச் சோறு வைத்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை. காமாட்சியக்கா ஒரு தூக்கில் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அவருக்கும் அதே வருடம்தான் துக்கம். அவர் கணவர் சித்திரையில் காய்ச்சலில் போயிருந்தார்.

அம்மா எனக்குச் சீதனமாகக் கொடுத்தது ஒரே ஒரு பழக்கம். உலைக்கு அரிசி களையும்போது அதிலிருந்து ஒரு பிடி எடுத்துத் தனிப் பானையில் போட்டுவிட வேண்டும். ஒரு பிடி குறைந்தால் வயிறு கண்டுபிடிக்காது, ஒரு பானை நிறைந்தால் வீடு கண்டுபிடிக்கும் என்பாள். நான் பானைக்குப் பதிலாக ரொட்டித் தகரத்தில் போட்டுவந்தேன். தைப் பொங்கலுக்கு அந்தத் தகரத்தைத் திறந்துதான் பொங்கல் வைப்பேன். அம்மாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். எல்லாருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் உட்காருவாள். உட்கார்ந்தால் லேசில் எழமாட்டாள். ஒவ்வொரு கவளமாக, ஊர்க்கதை கேட்டுக்கொண்டு, அவ்வளவு மெதுவாகச் சாப்பிடுவாள். "ஒனக்கு எலை போட்டா வாழை மறுகுலை தள்ளிரும்" என்பார் அப்பா.

போகிக்கு இரண்டு நாள் முன்பு அக்கா ஒரு எனாமல் கிண்ணம் நிறையப் பலகாரம் அனுப்பியிருந்தார். வந்த பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பக் கூடாது என்பது நமக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. போகியன்று பொருவிளங்காய் உருண்டை பிடித்தேன். வெல்லத்துக்குப் பதில் இந்த ஊர்ப் பனைவெல்லம், குலா மெலாக்கா. எதில் செய்தால் என்ன, கல்லாகத்தான் வரும். பிள்ளைகள் பள்ளிக்கூடம் திறந்து வாரம் ஆகவில்லை. அன்று மத்தியானம் வந்து சாப்பிட்டுவிட்டுத் தூங்கிவிட்டார்கள். உருண்டைகளைக் கிண்ணத்தில் அடுக்கிக்கொண்டு ஒருக்களித்திருந்த பின்கதவைத் தள்ளிக்கொண்டு வழக்கம்போல் அக்கா வீட்டுக்குள் போனேன்.

அடுப்படியில் யாருமில்லை. அடுப்பு சூடாக இருந்தது. "அக்கா" என்று கூப்பிட்டுக்கொண்டே கூடத்துக்குப் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். பாயில் வரிசையாக ஏழு வாழையிலை. ஒவ்வொன்றிலும் தேங்காய்ப்பால் சோறு, கோழிக்குழம்பு, மீன், முட்டை, காய், பலகாரம் என்று நிறைய நிறையப் பரிமாறியிருந்தது. பக்கத்தில் காப்பி, தண்ணீர். ஒரு இலையில் கூடக் கைபட்ட அடையாளம் இல்லை. விளக்கு எரிந்துகொண்டிருந்தது. வாசற்கதவு சாத்தியிருந்தது. வீட்டில் ஈ காக்கை இல்லை.

இந்தக் காட்சியை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். எனக்குப் பத்து வயதிருக்கும்போது, எங்கள் வீட்டில் இலை போட்டு, பரிமாறி, ஒருவரும் கை வைப்பதற்குள் தந்தி வந்தது. அத்தை போய்விட்டாள் என்று. போட்டது போட்டபடி எல்லாரும் வண்டிக்கு ஓடினார்கள். அம்மா மட்டும் பின்தங்கி, ஒவ்வொரு இலையிலிருந்தும் சோற்றைச் சோற்றோடும் காயைக் காயோடும் எடுத்துப் பானைகளில் போட்டு மூடிவிட்டுத்தான் கதவைப் பூட்டினாள். "திரும்பி வாரவுகளுக்குப் பசிக்கும்ல. துக்கம் வயித்த நெரப்பாது" என்றாள். ஆகவே அக்கா வீட்டுக்கும் ஏதோ சாவுச் செய்தி வந்து, அப்படியே ஓடியிருக்கிறார்கள் என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. போதாததற்கு, நான் திறந்துவிட்டு வந்த பின்கதவு வழியாக அக்காவின் செங்கோழி உள்ளே வந்து, முதல் இலையருகில் நின்று கழுத்தைச் சாய்த்துக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது.

கோழியை விரட்டினேன். விளக்கிலிருந்து பாய்க்குத் தீப்பிடித்துவிடப் போகிறதே என்று விளக்கை அணைத்தேன். பிறகு முந்தானையைச் செருகிக்கொண்டு, ஓர் அகப்பையை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஏழு இலைச் சோற்றையும் பானையில் போட்டேன். வாழ்நாளில் முதல்முறையாகத் தொட்ட கோழிக்குழம்பைக் கோழிச் சட்டியில். மீன் துண்டங்களை மூச்சைப் பிடித்துக்கொண்டு மீன் சட்டியில். இலைகளை மடித்தேன். பாயைத் துடைத்தேன். ஒரு பருக்கை வீணாகவில்லை. அம்மா பார்த்திருந்தால் மெச்சியிருப்பாள் என்று நினைத்தது இப்போதும் ஞாபகமிருக்கிறது. தெருவில் யாரையாவது கேட்டால் விவரம் தெரியும் என்று கடைசியாக வாசற்கதவைத் திறந்தேன்.

வாசலில், தூறலில், வீடு மொத்தமும் நின்றுகொண்டிருந்தது. காமாட்சியக்கா, அவருடைய இரண்டு வளர்ந்த மகன்கள், அவர் கணவரின் அண்ணன். எல்லாரும் நல்ல உடுப்பில், கைகட்டி, கதவைப் பார்த்தபடி. நான் கையில் அகப்பையும் விரலில் சோற்றுப் பருக்கையுமாக நிலைப்படியில் நின்றேன். அக்காவின் பார்வை என்னைத் தாண்டி உள்ளே போயிற்று. காலியான பாயில் போய் நின்றது. கணவரின் அண்ணன்தான், எல்லாரும் பெரியவர் என்று கூப்பிடுகிறவர், மெதுவாகச் சொன்னார்: "பெலும்." இன்னும் இல்லை, முடியவில்லை என்று அர்த்தம். பிறகு வாசற்படியில் உட்கார்ந்து, "பெலும் ஹாபிஸ். என் தம்பி இன்னும் சாப்பிட்டு முடிக்கலையே" என்றார்.

எனக்கு அப்போதும் விளங்கவில்லை. ஆனால் அக்காவின் முகம் விளங்கியது. அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். என்னைக் கடந்து உள்ளே போனார். நான் வீட்டுக்கு வந்து திரும்பிப் பார்த்தபோது, மூன்று வருடத்தில் முதல்தடவையாக, பட்டப்பகலில் அந்தப் பின்கதவு தாழிட்டிருந்தது.

வீட்டுக்காரர் வேலை முடிந்து வந்ததும் நடந்ததைச் சொன்னேன். சைக்கிளை நிறுத்தக்கூட மறந்து நின்றார். "அது அவங்க பார்ச்சு" என்றார். "போகியன்னிக்கு செத்தவங்களுக்குப் படைக்கிறது. போன வருஷம் வரைக்கும் பெரியவர் வீட்டுல படைச்சாங்க. பேரைச் சொல்லிக் கூப்புட்டு எலையில ஒக்கார வச்சிட்டு, வீட்டு ஆளுங்க வெளிய வந்து கதவைச் சாத்திருவாங்க. அவங்க கூச்சமில்லாம சாப்புடணும்ல, அப்புறம் தட்டிட்டுத்தான் தெறப்பாங்க. ரொம்ப சுசா, சங்கடமாப் போச்சே."

"முன்னாடியே சொன்னா என்ன? வாயில என்ன கொழுக்கட்டையா?" என்று அவர்மேல் பாய்ந்தேன்.

"நீ பின்பக்கமாப் போய் செத்தவங்க எலையை எடுப்பேன்னு எனக்கென்ன ஜோசியமா தெரியும்?" என்றார்.

சிரிப்பதா அழுவதா தெரியாமல் அழுதேன். புருஷன் போன முதல் வருடம். அவருக்கென்று போட்ட முதல் இலை. அந்த மனுஷர் வந்து உட்கார்ந்திருக்கிறார், நான் அகப்பையோடு போய் அவர் முன்னாலிருந்து சோற்றை வழித்து எடுத்திருக்கிறேன். நமக்கும் படையல் உண்டு, காக்கைக்குச் சோறு வைப்பது உண்டு. ஆனால் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே நிற்பது எனக்கு எப்படித் தெரியும்? தெரியாதுதான். தெரியாது என்பதால் அந்த மனுஷர் பசி ஆறிவிடாது. அந்தத் தாழ்ப்பாள் இன்றைக்குத் திறக்காவிட்டால் இனி என்றைக்குமே திறக்காது என்று எனக்குத் தோன்றியது. அந்த வீடும் இல்லையென்றால் இந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள்?

ரொட்டித் தகரத்தை எடுத்தேன். "நாளைக்குப் பொங்கலுக்கு?" என்றார் வீட்டுக்காரர். தகரத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு, இந்தத் தடவை தெருவைச் சுற்றி, அக்கா வீட்டு வாசற்கதவைத் தட்டினேன்.

அக்கா அடுப்படியில் கால்நீட்டி உட்கார்ந்திருந்தார். பானைகள் நான் மூடிவைத்தபடியே இருந்தன. ஒரு தடவை அழைத்துப் போட்ட சோற்றுக்கு மறுபடி அழைக்கக் கூடாதாம். மறுபடி சமைக்க வீட்டில் அரிசி இல்லை. வருடம் முழுக்கச் சேர்த்ததை ஒரே நாளில் பொங்கிப் போட்டிருந்தார். ஒரு தேங்காய்ச் சக்கையைக்கூட வீணாக்காத பொம்பளை, செத்தவர்களுக்கு மட்டும் கணக்குப் பார்க்கவில்லை. நான் தகரத்தை அவர் முன்னால் வைத்து மூடியைத் திறந்தேன். என் ஓட்டை மலாயில் சொன்னேன். என் ஊர். நான் சின்னப் பிள்ளை. சாப்பாடு போட்டாச்சு. கடிதாசி வந்தது, ஆள் செத்துப் போச்சு. எல்லாரும் ஓடினார்கள். என் அம்மா சோற்றை எடுத்துவைத்தாள், திரும்பி வருகிறவர்களுக்கு. அதனால் நானும்.

அக்கா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்போ எங்க வீட்டுல யாரோ செத்துட்டாங்கன்னு நெனச்சே" என்றார்.

"ஆமாம்."

"நாங்க திரும்பி வந்தா பசிக்குமேன்னு எடுத்து வச்சே."

"ஆமாம்."

"செத்தவங்கதான் வந்திருந்தாங்க, அடெக்" என்றார். சொல்லிவிட்டுச் சிரித்தார். சிரிப்பு பாதியில் அழுகையாயிற்று. கெபாயா நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, எழுந்து, அரைக்கிற கல்லை என் பக்கமாக நகர்த்தினார். பிறகு போய்ப் பின்கதவின் தாழை எடுத்துவிட்டு வந்தார்.

பொழுது சாய்வதற்குள் எல்லாம் ஆக வேண்டும். பெரியவர் மீனுக்காகக் கடற்கரைப் பக்கம் சைக்கிளில் போனார். மத்தியானம் கூடத்துக்குள் வந்து கணக்குப் பார்த்த செங்கோழியின் கணக்கு அன்றோடு முடிந்தது. அக்காவின் மகன்கள் தேங்காய் உரித்துத் துருவினார்கள். மூன்று தடவை பிழியவில்லை. முதல் பாலை மட்டும் எடுத்து என் பிடி அரிசியை அதில் வேகவைத்தோம். ஒரு வருடத்துப் பிடிகள். எந்தப் பிடி எந்த நாளுடையது என்று யார் சொல்ல முடியும்? ஆடியில் கடிதம் வந்த அன்றைக்கு எடுத்த பிடியும் அதற்குள்தான் இருந்தது.

அக்கா மீனை அலசிக்கொண்டே, "அவருக்கு சம்பால்தான் உசிரு" என்றார். பெலாச்சானும் மிளகாயும் அரைத்த துவையல் அது. பெலாச்சான் கட்டி மாடத்தில் இருந்தது. அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பழக்கத்தில் "அடெக், சன்னல்" என்றார். நான் எழுந்து போய்க் கட்டியில் ஒரு துண்டை வெட்டி, கம்பியில் குத்தி, தணலில் காட்டினேன். புகை மூக்கில் ஏறிக் கண் எரிந்தது. விடவில்லை. அவர் சொன்ன நிறம் வரும்வரை திருப்பித் திருப்பிச் சுட்டு, மிளகாயோடு வைத்து அரைத்தேன். கை மணக்கிறதா நாறுகிறதா என்று முகர்ந்து பார்க்கக்கூட நேரமில்லை. அக்கா ஒரு விரலால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, "உப்பு" என்றார். அவ்வளவுதான். போட்டேன்.

விளக்கு வைக்கும் நேரத்தில் பாயை விரித்து இலை போட்டார். நான் எண்ணிக்கொண்டே பார்த்தேன். ஏழு போட்டுவிட்டு, எட்டாவது ஒன்றை எடுத்து ஈரத்துணியால் துடைத்தார். "இது யாருக்கு?" என்றேன்.

"உன் அம்மாவுக்கு" என்றார். "உன் அரிசிதானே. அவங்க வர வேணாமா?"

"அம்மா மீன் சாப்பிட மாட்டா" என்று மட்டும் சொன்னேன். அந்த இலையில் சோறும் கீரையும் கத்தரிக்காயும் மட்டும் வைத்தார். நான் கொண்டுவந்த உருண்டை ஒன்றையும் வைத்தார். அதைத் தூக்கி எடை பார்த்துவிட்டு, "பல்லு இருக்கா அவங்களுக்கு?" என்றார். நாலைந்து பல் இருந்தது என்றேன். "மெதுவாச் சாப்புடட்டும்" என்றார்.

சாம்பிராணி போட்டார்கள். பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டியது பெரியவர். அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு என் பக்கம் திரும்பினார். முதல் இலையைக் காட்டினார். அது அந்த வம்சத்திலேயே முதலில் கப்பலில் வந்தவருக்காம். பெயர் வீரப்பன். "அவருக்கு மலாய் தெரியாதுன்னு எங்க அப்பா சொல்லுவாரு" என்றார் பெரியவர். "தமிழ் மட்டுந்தானாம். இத்தனை வருஷமா நாங்க மலாய்லதான் கூப்புடுறோம். வர்றாரோ என்னமோ. நீ கூப்புடு."

எந்த ஊர்க்காரரோ, எப்போது செத்தாரோ, யார் கண்டது? நான் கும்பிட்டுக்கொண்டு, வீட்டுக்கு வந்த பெரிய மனிதரைக் கூப்பிடுவதைப்போலக் கூப்பிட்டேன். "வாங்க அய்யா. எலை போட்டிருக்கு. ஒக்காந்து சாப்பிடுங்க." என் குரல் எனக்கே புதிதாக இருந்தது. அக்காவின் மகன்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். மற்ற ஆறு பேரையும் பெரியவர் மலாயில் அழைத்தார். எட்டாவது இலைக்கு வந்ததும் நான் வாய் திறக்குமுன் காமாட்சியக்கா முந்திக்கொண்டார். "மாரி மக், மாரி மக்கான்" என்றார். வாங்கம்மா, வந்து சாப்பிடுங்க. என் அம்மா பெயர்கூட அவருக்குத் தெரியாது.

எல்லாரும் வெளியே வந்தோம். கதவைச் சாத்தினார்கள். தூறல் நிற்கவில்லை. அக்கா தன் துண்டில் பாதியை என் தலைமேல் போட்டார். அங்கிருந்து பார்த்தால் என் வீட்டு வாசல் தெரிந்தது. வீட்டுக்காரர் பிள்ளைகளை இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு இருட்டில் எங்களைப் பார்த்து நின்றார். மறுநாள் தகரத்தின் அடியில் ஒட்டியிருந்த அரிசியைத் தட்டி எடுத்து, ஆளுக்கு இரண்டு வாய் வரும் அளவுக்குப் பொங்கல் வைத்தேன். முதலில் சமைத்த ஏழு இலைச் சாப்பாட்டை அக்கா வீட்டார் இரண்டு நாள் சூடாக்கித் தின்று தீர்த்தார்கள். எதுவும் வீணாகவில்லை. அதற்குப் பிறகு வந்த போகிகளிலும் எட்டு இலைதான். இருக்கிறீர்களா, போகிறீர்களா என்று யாராவது கேட்டால் இன்றைக்கும் நான் நேராகப் பதில் சொல்வதில்லை.

ஆனால் அந்த முதல் தடவை, சாத்திய கதவுக்கு முன்னால் நிற்கும்போது என் கவலையெல்லாம் ஒன்றுதான். அம்மா கடலையே பார்த்தவள் இல்லை. எப்படி வழி கண்டுபிடித்து வந்திருப்பாள்? வந்தாலும், மீன் வாசனைக்கு நடுவில், பாஷை தெரியாதவர்களோடு எப்படி உட்கார்ந்திருப்பாள்? பிறகு அந்த முதல் இலைக்காரர் ஞாபகம் வந்தது. பேச ஆளில்லாமல் இத்தனை காலம் இருந்த மனுஷர். அம்மாவுக்கோ ஊர்க்கதை என்றால் போதும். இருவரும் பேச ஆரம்பித்திருப்பார்கள் என்று நினைத்ததும் மனம் லேசாயிற்று.

பெரியவர் கதவைத் தட்டக் கையை ஓங்கிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்தார். "சுடா?" என்றார். ஆயிற்றா?

"பெலும்" என்றேன். "எங்கம்மா மெதுவாத்தான் சாப்பிடுவா."

அவர் கையை இறக்கினார். எல்லாரும் மழையில் இன்னும் கொஞ்ச நேரம் நின்றோம்.